தகரச் சீட்டும் 20 பிட்டும்: லேபல் ஒட்டிய பாதையில் பிழை தேடுவது எப்படி?

20ஆம் நூற்றாண்டு தொடங்கிய கையோடு, இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டும் தொழிலுக்குள் ஒரு சின்னப் பொருள் நுழைந்தது. தகரத்தில் வெட்டிய வில்லை. அதில் பெயர் இல்லை, ஊர் இல்லை. தோட்டத்துக்கு உரிய எண் பொறித்திருக்கும். ஆங்கிலத்தில் அதை 'டின் டிக்கட்' என்றார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்தில் கங்காணி அதை ஆளிடம் கொடுப்பார். அந்த ஆள் அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கண்டிச்சீமைக்குப் புறப்படுவார்.

சுமார் 100 வருடம் கழித்து, 2001 ஜனவரியில், இணைய நெறிமுறைகளை வகுக்கிற பொறியியலாளர்கள் ஆர்.எஃப்.சி. 3031 என்ற ஆவணத்தை வெளியிட்டார்கள். தரவுப் பொதிகளின் கழுத்தில் ஒரு எண்ணைக் கட்டி அனுப்பும் முறை அது. பெயர் எம்.பி.எல்.எஸ். இன்றைக்கு உலகம் முழுக்கப் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களின் முதுகெலும்பு வலையமைப்புகளில் இது ஓடுது.

"மனுசரையும் பொதியையும் எப்பிடி ஒண்ணா வைக்கலாம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, கடைசியில் அதுக்கு வாறேன். ரெண்டு முறையும் ஒரே யோசனையில் கட்டப்பட்டவை என்பதால், ஒரே மாதிரியான இடத்தில்தான் பிழை ஒளிஞ்சிருக்கும். கணினிக்காரர்கள் அந்தப் பிழையைத் தேடுவதற்குக் கண்டுபிடித்த வழி, வரலாறு படிக்கிற நமக்கும் உதவும் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

லேபலுக்கு முந்திய பாதை

முதலில் லேபல் இல்லாத காலம். 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியதிலிருந்து, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து நடை. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று காடு வழியாக வந்து மாத்தளையில் ஏறினார்கள். ஏறத்தாழ 150 மைல். ஆங்கிலேயர் ஆவணங்களில் இதன் பெயர் 'வடக்கு வீதி'. இன்றைக்கு ஏ9 வீதியில் தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு பஸ்ஸில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே ஓடுற நிலம், அந்த நடையின் கடைசிப் பகுதி.

மாத்தளை அப்போது ஒரு வாசல். இங்கே வந்து சேர்ந்த பிறகுதான் கூட்டங்கள் பிரிந்து வெவ்வேறு தோட்டங்களுக்குப் போகும். அம்மை, வாந்திபேதி, காய்ச்சல், பட்டினி, காட்டு மிருகம் எல்லாத்தையும் தாண்டி வந்தவர்கள் முதலில் கும்பிட்டது மாத்தளை முத்துமாரியம்மனை என்பது ஊர் நினைவு. அம்மை போட்டு வழியில் போனவர்களை விட்டுவிட்டு வந்த சனம் மாரியைக் கும்பிட்டதில் ஆச்சரியம் இல்லை.

இந்த முறையில் ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டும். அடுத்த தண்ணி எங்கே, அடுத்த மடம் எங்கே, இந்த ஆத்தைக் கடக்கலாமா? வழி தெரிந்த கங்காணி இருந்தால் தப்பினார்கள். வழியில் ஒருத்தர் விழுந்தால், அதைக் குறித்துவைக்க அந்த இடத்தில் பெரும்பாலும் யாரும் இல்லை.

தகரச் சீட்டு என்ன செய்தது?

19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், பிளேக் நோய்ப் பயத்தால் வடக்கு வீதி மூடப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்பு, பிறகு ராகமை முகாம், பிறகு ரயில் என்று பாதை மாறியது. மாத்தளைக்கு ரயில் 1880இலேயே வந்திருந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் சேவை தொடங்கியதும் மண்டபம் முகாம் பெரிய வாசலானது.

இந்தப் புதிய பாதையில்தான் தகரச் சீட்டு வேலை செய்தது. துரை தன் தோட்ட எண் பொறித்த வில்லைகளைக் கங்காணியிடம் கொடுப்பார். கங்காணி அவற்றைத் தன் ஊருக்கு எடுத்துப்போய், கட்டிய ஆட்களுக்குப் பங்கிடுவார். வில்லையோடு முகாமுக்கு வந்தவரை, முகாம்காரர் எதுவும் கேட்காமல் அடுத்த கட்டத்துக்கு அனுப்பலாம். ரயில் கட்டணம், கப்பல் கட்டணம், சாப்பாடு எல்லாம் அந்த எண்ணுக்கு உரிய தோட்டத்தின் கணக்கில் ஏறும். இடையில் காசு கைமாறத் தேவையில்லை, ஆளின் கதையைக் கேட்கவும் தேவையில்லை. 1904இல் தோட்டத்துரைமார் திருச்சிராப்பள்ளியில் தொழிலாளர் ஆணையகம் ஒன்றை அமைத்த பிறகு இந்த அனுப்பும் இயந்திரம் இன்னும் ஒழுங்கானது.

இதில் ஒரு விசயத்தைக் கவனியுங்கள். ஆள் போகும் திசை தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு. ஆனா எண் வந்த திசை அதற்கு நேர் எதிர். சேருமிடம்தான் எண்ணை உண்டாக்கி, பாதையின் தொடக்கத்துக்கு அனுப்பியது. இதை மனசில் வைத்துக்கொண்டு ரவுட்டர்களிடம் போவோம்.

ரவுட்டர் என்ன செய்யுது?

மாத்தளையில் ஒரு வங்கிக் கிளை, கொழும்பில் அதன் தலைமையகம் என்று வைத்துக்கொள்வோம். கிளையிலிருந்து ஒரு தரவுப் பொதி கொழும்புக்குப் போக வேண்டும். சாதாரண இணைய முறையில், இடையில் இருக்கிற ஒவ்வொரு ரவுட்டரும் பொதியின் சேருமிட முகவரியைப் பார்த்து, தன் அட்டவணையில் தேடி, "அடுத்தது அங்கே" என்று தள்ளிவிடும். வடக்கு வீதி மாதிரி, ஒவ்வொரு கட்டத்திலும் புதுசாக வழி கேட்பது.

1990களின் நடுப்பகுதியில் சில நிறுவனங்கள் வேறு மாதிரி யோசித்தன. 1996இல் இப்சிலோன் ஒரு முறையையும், சிஸ்கோ 'டெக் சுவிச்சிங்' என்ற முறையையும் முன்வைத்தன. அடுத்த ஆண்டு எல்லாருக்கும் பொதுவான ஒரு நெறிமுறையை உருவாக்கப் பணிக்குழு அமைந்தது. அதன் விளைவுதான் எம்.பி.எல்.எஸ்.

யோசனை எளிது. வலையமைப்பின் வாசலில் இருக்கிற ரவுட்டர் மட்டும் பொதியின் முகவரியைப் பார்க்கும். பார்த்து ஒரு லேபல் ஒட்டும். நடுவில் இருக்கிறவை முகவரியைப் பார்க்காது. வந்த லேபலைப் பார்த்து, அதைக் கழற்றி, தன் அட்டவணையில் அதற்கு நேராக உள்ள வேறு லேபலை மாட்டி அடுத்தவருக்குக் கொடுக்கும். லேபல் என்பது 32 பிட் கொண்ட ஒரு சின்னத் துண்டு, அதாவது 4 பைட். அதில் 20 பிட் எண்ணுக்கு. 3 பிட் முன்னுரிமைக்கு. 1 பிட், அடியில் வேறு லேபல் இருக்கா இல்லையா என்று சொல்ல. 8 பிட், பொதி முடிவில்லாமல் சுத்திக்கொண்டே இருக்காமல் தடுக்கிற ஆயுள் எண்.

லேபல் எங்கிருந்து வருது? சேருமிடப் பக்கத்திலிருந்து. கீழே இருக்கிற ரவுட்டர், "இந்த இடத்துக்குப் போகிறதை என்னிடம் அனுப்பினால் இந்த எண்ணை ஒட்டு" என்று மேலே இருப்பவருக்குச் சொல்லும். தகரச் சீட்டு மாதிரியே, பொதி ஒரு திசையில் போகும், லேபல் எதிர்த்திசையில் வரும்.

வங்கி மாதிரியான வாடிக்கையாளரின் பொதிக்குப் பெரும்பாலும் ரெண்டு லேபல் இருக்கும். வெளி லேபல் ஒவ்வொரு கட்டத்திலும் மாறும். உள் லேபல் வாசலில் ஒட்டியது, கடைசி ரவுட்டர் வரைக்கும் மாறாது. "இது எந்த வாடிக்கையாளருக்கு உரியது" என்று சொல்வது அந்த உள் லேபல். அதன் பொருள் நடுவில் இருப்பவற்றுக்குத் தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. தோட்ட எண் பொறித்த வில்லை இந்த உள் லேபலுக்கு நெருங்கிய உறவு.

எல்லாம் சரி, ஆனா போய்ச் சேரல

இனிப் பிழை. கிளையில் இருப்பவர்கள் "லைன் இல்ல" என்று முறைப்பாடு செய்கிறார்கள். பொறியியலாளர் தன் ரவுட்டரில் உட்கார்ந்து, தூரத்து ரவுட்டருக்கு 'பிங்' அடித்துப் பார்க்கிறார். பதில் வருது. பாதை அட்டவணையைப் பார்க்கிறார், அதுவும் சரி. எல்லாம் சரியாக இருக்கு, ஆனா வாடிக்கையாளரின் பொதி மட்டும் எங்கேயோ காணாமல் போகுது.

ஏன்? நடுவில் ரெண்டு ரவுட்டர்களுக்கு இடையே லேபல் பரிமாறும் தொடர்பு அறுந்திருக்கலாம். ஆனா அவற்றுக்கு இடையே சாதாரண வழித்தொடர்பு உயிரோடு இருக்கு. பிங் பொதிக்கு ஒழுங்கான முகவரி இருப்பதால், வெளி லேபல் கழன்றாலும் அது முகவரியைக் காட்டிக் கடந்துவிடும். வாடிக்கையாளரின் பொதியில் வெளி லேபல் கழன்றால், நடு ரவுட்டர் காண்பது தனக்குப் பொருள் தெரியாத உள் லேபலை. அது பேசாமல் கீழே போட்டுவிடும். இணைப்பு ஒன்று புதிதாக எழும்பும் நேரத்திலும் இது நடக்கும்: வழி முதலில் தயாராகிவிடும், லேபல் தயாராக இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும், அந்த இடைவெளியில் போனதெல்லாம் தொலையும். லேபல் தயாராகும் வரை அந்த இணைப்பைக் கடைசித் தெரிவாகவே வைத்திரு என்ற தீர்வை 2009இல் ஆர்.எஃப்.சி. 5443 விவரித்தது.

இன்னொரு வகைப் பிழை அளவு சார்ந்தது. ஒரு லேபல் 4 பைட், ரெண்டு என்றால் 8. வழக்கமாக 1500 பைட் வரை தாங்குகிற இணைப்பில், ஏற்கெனவே 1500 பைட் உள்ள பொதியின் மேல் லேபல் ஏறினால் நுழையாது. சின்னப் பொதி போகும், பெரியது போகாது. மின்னஞ்சல் வாசலைத் திறக்கும், இணைப்புள்ள மடல் மட்டும் நிக்கும். தேடுகிறவர் சின்னப் பொதியால் சோதித்துக்கொண்டே இருந்தால் பிழை அகப்படாது.

மூன்றாவது, பாதையின் நடுப்பகுதியையே மறைப்பது. தடம் பார்க்கும் கட்டளையை வெளியிலிருந்து அடித்தால் நடு ரவுட்டர்கள் தெரியாமல் இருக்கும்படி வலையமைப்பின் உரிமையாளர் அமைத்துக்கொள்ளலாம். அப்போ பாதை இப்படித் தெரியும்: மாத்தளை வாசல், அடுத்தது கொழும்பு வாசல். நடுவில் எதுவுமே இல்லாத மாதிரி.

இந்தத் துறையில் ரெண்டு தளங்களைப் பிரித்துப் பேசுவார்கள். ஒன்று கட்டுப்பாட்டுத் தளம்: யார் எங்கே, எந்த லேபல் யாருக்கு என்று ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி எழுதிவைத்திருக்கிற ஏடு. மற்றது தரவுத் தளம்: பொதி உண்மையில் நடந்துபோகிற பாதை. ஏடு சரியாக இருந்தும் பாதை உடைந்திருக்கலாம். 2006இல் வந்த ஆர்.எஃப்.சி. 4379 இதற்கென்றே எழுதப்பட்டது. அது விவரிக்கிற சோதனைப் பொதி, வாடிக்கையாளரின் பொதி போகும் அதே லேபலை ஒட்டிக்கொண்டு அதே பாதையில் போகும்.

அதில் எனக்குப் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. அந்தச் சோதனைப் பொதிக்கு வேண்டுமென்றே 127இல் தொடங்கும் முகவரியைப் போடுவார்கள். அந்த முகவரி எந்த ரவுட்டரும் வெளியே தள்ளாத, தனக்குள்ளேயே முடிகிற முகவரி. லேபல் எங்கே கழன்றாலும் பொதி முகவரியைக் காட்டித் தப்பிக்க முடியாது, உடைந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆயுள் எண்ணை 1, 2, 3 என்று கூட்டி அனுப்பினால், ஒவ்வொரு ரவுட்டரும் நிறுத்தி வைத்துக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: உன்னிடம் வந்த லேபல் எது, அது எந்த இடத்துக்கு உரியது, நீ எந்த லேபலோடு வெளியே விட்டாய்?

ஏடும் பாதையும்

இப்போது நம்ம வரலாற்றுக்கு வருவோம். தோட்டக் காலத்து ஆவணங்களில் பெரும்பகுதி கட்டுப்பாட்டுத் தளம். எத்தனை பேர் இறங்கினார்கள், எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு முன்பணம், யார் கடன் யார் தலையில். செக்ரோலில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. ஒரு மனுசியின் பெயரே கூலிக்கணக்கின் அலகாகிப் போன ஏடு அது. தோட்டம் மாறுவதற்கும் ஒரு சீட்டு இருந்தது, 'துண்டு'. கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடலாம் என்று ஒரு துரை எழுதிக்கொடுப்பது. அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கட்டம் கட்டமாக லேபல் மாறுவது போல, கடன் கைமாறும். கடனாளி அதே ஆள்தான். 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

இந்த ஏடுகளை வைத்து வடக்கு வீதியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டுப் பாருங்க. 1840களில் மட்டும் 70,000 பேர் என்ற கணக்கு அந்தக் காலத்திலேயே பேசப்பட்டது. அது மிகை என்று பிற்கால ஆய்வாளர்கள் சிலர் வாதிட்டார்கள். வந்தவர் தொகையிலிருந்து திரும்பியவர் தொகையைக் கழித்துப் போடும் கணக்கில், தோட்டத்திலேயே தங்கியவர் யார், காட்டில் விழுந்தவர் யார் என்று பிரிக்க முடியாது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். ரெண்டு பக்கமும் வாசலில் எடுத்த எண்களை வைத்தே பேசுது. நடுவில் எண்ணினவர் இல்லை.

அதனாலதான் 2023இல் நடந்த ஒரு விசயம் எனக்கு முக்கியமாகப் படுது. மலையக மக்கள் வந்து 200 வருடமானதை நினைவுகூர, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம், ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில். சுமார் 250 கிலோமீற்றர், 16 நாள். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக, முன்னோர் வந்த திசையிலேயே.

அதை வெறும் அடையாள நடை என்று சொல்லிக் கடந்துபோகலாம். ஆனா பிழை தேடுகிறவர் கண்ணால் பாருங்க: வாசலில் உட்கார்ந்து ஏட்டைப் புரட்டாமல், அதே பாதையில், அதே திசையில், கட்டம் கட்டமாகப் போய்க் கேட்பது. காணி, வீடு, சம்பளம், சம உரிமை பற்றிய கோரிக்கைகளும் அந்த நடையோடு சேர்ந்தே மாத்தளைக்கு வந்தன. செத்தவர் தொகையை 16 நாள் நடையால் கண்டுபிடிக்க முடியாது. ஆனா ஏட்டில் வெறும் இடைவெளியாக இருக்கிற 150 மைல், காலுக்குக் கீழே ஒரு நிலமாகத் தெரியும்.

கழற்றாத லேபல்

எம்.பி.எல்.எஸ். முறையில் லேபலுக்கு முடிவு உண்டு. பல வலையமைப்புகளில் கடைசி ரவுட்டருக்கு ஒரு படி முன்னாலேயே வெளி லேபலைக் கழற்றிவிடுவார்கள், வந்து சேர்ந்ததும் உள் லேபலும் போய்விடும். அதற்குப் பிறகு அது வெறும் பொதி, அந்த ஊர்ப் பொதி. வந்த பாதையின் லேபல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவே ஒரு பிழை.

நம்ம விசயத்தில் கழற்ற வேண்டியவர்கள் கழற்றவில்லை. சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் வந்த 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களையும் வழியில் நிற்கிற சரக்காக ஆக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 975,000 பேரைப் பிரித்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம். அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். தலைமன்னார்க் கப்பலில் எதிர்த்திசையில் போனவர்களுக்கு மண்டபம் மறுபடியும் வாசலானது. போனவர்கள் அங்கே 'சிலோன்காரர்' ஆனார்கள். இங்கே எஞ்சியவர்களில் பலருக்கு, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை நாடே இல்லாமல் இருந்தது.

குடியுரிமை வந்தும் சொல் போகவில்லை. இன்னும் எத்தனையோ பிறப்புச் சான்றிதழ்களில் பெற்றோரின் இனம் 'இந்தியத் தமிழர்' என்றுதான் இருக்கு. இங்கே பிறந்த பெற்றோர், இங்கே பிறந்த தாத்தா பாட்டி. 'மலையகத் தமிழர்' என்று நாமே தெரிந்தெடுத்த பெயர் கடுதாசியில் ஏறணும் என்று கேட்பது வெறும் சொல்லுக்கான சண்டை இல்லை. வந்து சேர்ந்துவிட்டோம் என்று எழுதச் சொல்லிக் கேட்பது.

பொதி பேசாது

தொடக்கத்தில் விட்ட கேள்விக்கு வாறேன். ஒரு பொதி தொலைந்தால் அனுப்பியவரிடம் நகல் இருக்கும், திருப்பி அனுப்பலாம். மனுசருக்கு நகல் இல்லை. ஒப்பீடு அந்த இடத்தில் முறிஞ்சுபோகுது, முறியத்தான் வேணும். ஆனா முறிகிற இடத்திலேயே நமக்கு ஒரு வசதியும் இருக்கு. பொதியைக் கேட்க முடியாது என்பதால்தான் பொறியியலாளர் ரவுட்டர்களைக் கேட்கிறார். நாங்க ஆட்களையே கேட்கலாம்.

லயத்து வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிற கடுதாசிகளை ஒருக்கா வெளியே எடுங்க. அம்மாயியின் பிறப்புச் சான்றிதழ், தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம், அப்பாவின் ஈ.பி.எஃப். அட்டை, கப்பலேறிய பெரியப்பாவின் பழைய கடிதம். திகதி வரிசையில் அடுக்குங்க. ஒவ்வொன்றிலும் அந்த ஆளை என்ன பெயரால், என்ன எண்ணால், என்ன இனமாக எழுதியிருக்கு என்று பாருங்க. எந்தக் கடுதாசியில் அது மாறுதோ, அந்த இடத்தில் நிறுத்தி, வீட்டில் வயசானவர்களிடம் கேளுங்க: இதை யார் எழுதினது, ஏன் இப்பிடி எழுதினாங்க, நீங்க என்ன சொன்னீங்க?

அந்த மூன்றாவது கேள்விக்கான பதில் எந்தக் கச்சேரி ஏட்டிலும் இருக்காது. கேட்க வேண்டிய ஆட்கள் இருக்கும்போதே கேட்டு, எழுதி வைப்போம்.